வயதேறிய இளையோர் பண்பாடு: பிரிட்டனின் கோத் குழுவினர் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

இங்கிலாந்தின் வடகிழக்குக் கடற்கரையில், யார்க்‌ஷயர் பகுதியைச் சேர்ந்த விட்பி என்ற சிறிய மீன்பிடித் துறைமுகத்தில், குன்றின் மேலுள்ள செயின்ட் மேரி தேவாலயத்துக்கு ஏறிச் செல்ல 199 கற்படிகள் உண்டு. அக்டோபர் கடைசியையொட்டி வரும் ஒரு வார இறுதியில் அந்தப் படிகளில் ஏறுகிறவர்களில் பெரும்பாலோர் கறுப்பு உடுத்தியிருப்பார்கள். முழங்கால் வலியால் பத்துப் படிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கும் அறுபது வயதுக்காரர், கறுப்புக் குல்லாய் போட்ட கைக்குழந்தையை மார்போடு கட்டிக்கொண்டு வரும் நாற்பது வயதுத் தம்பதி, முகத்தில் வெள்ளை பூசிக் கண்மையை நெற்றிப்பொட்டு வரை இழுத்துவிட்டுக் கைப்பேசியில் தன்னைத் தானே படம் பிடித்துக்கொள்ளும் பதினேழு வயதுப் பெண் என்று மூன்று வயதினரையும் ஒரே படிவரிசையில் பார்த்துவிடலாம். மூவருக்கும் ஊரார் வைத்திருக்கும் பெயர் ஒன்றே: கோத். இருண்ட தொனி கொண்ட ஒரு ராக் இசையையும் கறுப்பு உடையையும் சுற்றி வளர்ந்த கூட்டம் அது.

இளையோரின் மாற்றுப் பண்பாடுகளைப் பற்றி எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி ஓர் அனுமானத்தின் மேல் நிற்கிறது. பதின்வயதில் ஒருவர் அதில் சேர்வார், ஐந்தாறு ஆண்டுகள் ஆடிப் பாடுவார், பிறகு வேலை, திருமணம், வாடகை என்று வாழ்க்கை அழைத்ததும் உடையைப் பெட்டியில் மடித்து வைத்துவிட்டு விலகுவார், அவர் விட்ட இடத்தில் அடுத்த கூட்டம் வேறொரு பெயரோடு வந்து நிற்கும் என்பதுதான் அது. 1970களில் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தின் சமகாலப் பண்பாட்டு ஆய்வு மையம் டெடி பாய், மாட், ஸ்கின்ஹெட், பங்க் ஆகிய பிரிட்டிஷ் இளைஞர் குழுக்களை வர்க்கத்தோடு இணைத்து ஆராய்ந்தபோதும், அவர்களுக்கு வயதானால் என்ன ஆகும் என்ற கேள்வியை ஏறக்குறைய எழுப்பவே இல்லை. கோத் குழுவினர் அந்த அனுமானத்துக்கு அடங்கவில்லை. நாற்பத்தைந்து ஆண்டுகளாகப் புதியவர்கள் வந்தபடி இருக்கிறார்கள். வந்தவர்களில் கணிசமானோர் போகவும் இல்லை. ஆகவே இங்கே தலைமுறை மாற்றம் என்பது இடம் மாறி உட்காரும் விவகாரமாக இல்லாமல், ஒரே வீட்டில் நான்கு தலைமுறை சேர்ந்து குடியிருக்கும் விவகாரமாக ஆகிவிட்டது. அந்த வீட்டுக்குள் நுழையும் வாசல் எப்படி இடம் மாறியது, அதனால் என்ன பூசல் வந்தது என்பதையே இந்த ஆய்வு பார்க்கிறது.

பெயரை ஏற்காத முதல் தலைமுறை

1979 ஜனவரி 26 அன்று, நார்தாம்ப்டன் நகரைச் சேர்ந்த பௌஹவுஸ் என்ற குழு, கூடி ஆறேழு வாரங்களே ஆன நிலையில், பக்கத்து ஊரான வெல்லிங்பரோவில் ஒரு சிறு ஒலிப்பதிவுக்கூடத்தில் ஒன்பதரை நிமிடப் பாடல் ஒன்றைப் பதிவு செய்தது. பழைய டிராகுலா நடிகர் பேலா லுகோசியின் மரணத்தைப் பற்றிய அந்தப் பாட்டில், எதிரொலியால் துண்டு துண்டாக அறுக்கப்பட்ட கிடார், இறங்கிக்கொண்டே போகும் பேஸ் கிடார், ஓயாமல் டிக் டிக்கென்று அடிக்கும் ஒரு தாளம் ஆகியவை மட்டும் நெடுநேரம் ஓடிய பிறகே பாடகர் பீட்டர் மர்ஃபியின் குரல் உள்ளே வருகிறது. வேகமும் முரட்டுத்தனமுமாக மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும் பங்க் பாட்டைக் கேட்டுப் பழகிய காதுக்கு இந்தப் பொறுமையே புதிது. கோத் இசையின் பிறப்பு எது என்று கேட்டால் அனேகர் இதைத்தான் சுட்டுவார்கள்.

பங்க் எரிந்து அடங்கிய சாம்பலில் இருந்து கிளம்பியவர்கள் இவர்கள். சூசி அண்ட் த பேன்ஷீஸ் குழு 1976 செப்டம்பரில் லண்டனின் 100 கிளப்பில் நடந்த பங்க் விழாவில்தான் முதன்முதலாக மேடையேறியது. த க்யூர் குழுவினர் கிராலி என்ற புறநகர்ப் பையன்கள். லீட்ஸ் நகரில் 1980இல் தொடங்கிய த சிஸ்டர்ஸ் ஆஃப் மெர்சி குழுவில் விரைவிலேயே டிரம் அடிக்க ஆள் இல்லாமல் போயிற்று; ஒரு டிரம் இயந்திரத்துக்கு டாக்டர் அவலாஞ்ச் என்று பெயர் வைத்து அதையே குழு உறுப்பினராக அறிவித்துக்கொண்டார்கள். இவர்களில் எவரும் தங்களைக் கோத் என்று சொல்லிக்கொண்டதில்லை. ஐரோப்பாவின் பழங்குடி இனப்பெயராக இருந்து, கட்டடக் கலைக்கும் பின்னர் திகில் நாவலுக்கும் ஒட்டிக்கொண்ட அந்தச் சொல்லை, ஜாய் டிவிஷன் போன்ற குழுக்களைப் பற்றிப் பேசும்போது இசை உலகத்தார் 1979 வாக்கிலேயே எடுத்துப் பயன்படுத்தினார்கள். 1983 பிப்ரவரியில் ஒரு வாராந்தர இசைப் பத்திரிகை ‘பாசிட்டிவ் பங்க்’ என்று வேறொரு பெயரை முன்வைத்துப் பார்த்தது. கடைசியில் கோத் என்பதே நிலைத்தது. சிஸ்டர்ஸ் குழுவின் ஆண்ட்ரூ எல்ட்ரிச் இன்றுவரை அந்தப் பெயரை ஏற்காதவர். குலத்தின் மூதாதையர் எனக் கொண்டாடப்படுகிறவர்களே குலப்பெயரை மறுத்தவர்கள் என்பது பின்னால் நடந்த எல்லாச் சண்டைகளையும் பார்க்கும்போது சிரிப்பை வரவழைக்கிறது.

ஏன் இந்த இருட்டு என்று கேட்பவர்கள் பெரும்பாலும் மனநிலையைப் பற்றியே பேசுகிறார்கள். ஊரைப் பற்றியும் பேச வேண்டும். 1979 மே மாதம் தாட்சர் ஆட்சிக்கு வந்தார்; 1982 ஜனவரியில் பிரிட்டனில் வேலையில்லாதோர் எண்ணிக்கை 30 லட்சத்தைத் தாண்டியது. லீட்ஸும் அதைச் சுற்றியுள்ள ஊர்களும் நெசவாலைகள் மூடிய ஊர்கள். 1975 முதல் 1980 வரை அந்த வட்டாரத்திலும் மான்செஸ்டரிலும் 13 பெண்களைக் கொன்ற பீட்டர் சட்கிளிஃப் 1981 ஜனவரியில் பிடிபடும் வரை, லீட்ஸ் பெண்கள் இருட்டிய பிறகு தனியாக வெளியே போக அஞ்சினார்கள். அந்த நகரத்து இளைஞர்கள் இரவில் கூடிய நிலவறைக் கிளப்புகளில் ஒலித்த இசையில் கல்லறையும் பனியும் இருந்ததற்கு நாவல் படித்ததை மட்டும் காரணமாகச் சொல்வது போதாது. அரசு தந்த வேலையின்மை உதவித்தொகை சொற்பம்தான் என்றாலும், ஒரு கூட்டம் பகலெல்லாம் ஒத்திகை பார்க்கவும் இரவெல்லாம் ஆடவும் அது போதுமானதாக இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

உடையும் அந்தக் கையிருப்புக்கு ஏற்பத்தான் அமைந்தது. 1982 ஜூலையில் லண்டன் சோஹோவில் டீன் தெருக் கட்டடம் ஒன்றில், ஸ்பெசிமென் குழுவின் ஒல்லி விஸ்டம் முதலானோர் தொடங்கிய பேட்கேவ் கிளப்புக்குள் ஒரு சவப்பெட்டி வழியாக நுழைய வேண்டும். உள்ளே அலங்காரம் என்று பார்த்தால் கறுப்புக் குப்பைப் பைகளும் கிழிந்த வலைகளும்தான். அங்கே வந்தவர்களின் மேலாடையும் அதே ரகம். மீன்வலைக் காலுறை ஒன்றை எடுத்து, கவட்டுப் பகுதியில் தலை நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை வெட்டி, கால்கள் இரண்டின் நுனியையும் கத்தரித்துவிட்டு, தலைகீழாக மாட்டிக்கொண்டால் கைகள் கால்களுக்குள் புகுந்து, நீளக்கைச் சட்டை தயார். அதன் மேல் அறக்கட்டளைகள் நடத்தும் பழந்துணிக் கடையில் வாங்கிய யாரோ ஒரு பாட்டியின் கறுப்பு லேஸ், அல்லது ராணுவக் கழிவுக் கடைக் கோட்டு. காலில் கூர்முனையும் பக்கவாட்டில் வரிசையாகக் கொக்கிகளும் கொண்ட பூட்ஸ். தலைமுடிக்கு நேரம் அதிகம் பிடிக்கும். முதலில் சூட்டுக் கருவியால் நெளிநெளியாக்கி, பிறகு சீப்பை நுனியிலிருந்து வேரை நோக்கித் தள்ளித் தள்ளிச் சிக்காக்கி, தலையைக் கவிழ்த்தபடியே ஹேர் ஸ்பிரே அடித்து, அது போதாதென்றால் சோப்பும் சர்க்கரைத் தண்ணீரும் தடவிக் காயவிடுவார்கள். மழை பெய்தால் எல்லாம் போயிற்று. ஓசோன் படலத்தில் விழுந்த ஓட்டைக்குத் தாங்களே பொறுப்பு என்பது அந்தத் தலைமுறையினர் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கும் பழைய நகைச்சுவை.

இந்த உடையை முழுதாகக் கடையில் வாங்க முடியாது. எப்படிச் செய்வது என்பதை இன்னொருவரிடம்தான் கற்க வேண்டும். அந்த இன்னொருவரைச் சந்திக்கக் கச்சேரிக்கோ கிளப்புக்கோ போக வேண்டும், அங்கே போக அந்த இசை பிடித்திருக்க வேண்டும். இசை வாசல், உடை உள்ளே போனதற்கு அடையாளம் என்ற ஒழுங்கு இப்படித் தானாக உருவானது. அதை யாரும் விதியாக எழுதவில்லை.

விட்பியைக் கட்டியவர்கள்

1990களின் தொடக்கத்தில் இசைப் பத்திரிகைகள் கோத்தைக் கைகழுவிவிட்டன. புதிய இசைப் பாணிகளாகக் கிரஞ்ச் வந்தது, பிறகு பிரிட்பாப் வந்தது. முகத்தில் வெள்ளை பூசுகிறவர்கள் கேலிப்பொருள் ஆனார்கள். ஓர் இளையோர் பண்பாடு அத்தோடு செத்துப்போவதுதான் வழக்கம். ஆனால் அந்தப் புறக்கணிப்பு, எஞ்சியவர்களைத் தங்கள் காரியத்தைத் தாங்களே பார்த்துக்கொள்ளும்படி செய்துவிட்டது. கையால் வெட்டி ஒட்டி நகலெடுத்த சிற்றிதழ்கள், கிளப் மேசைகளில் பரப்பி வைத்த துண்டறிக்கைகள், அஞ்சல் வழி ஆல்பம் விற்ற சிறு வணிகர்கள், கொஞ்ச காலத்தில் யூஸ்நெட் என்ற இணைய விவாதக் குழுக்கள் என்று ஒரு பின்னல் உருவாயிற்று. தானும் கோத்தாக இருந்துகொண்டே 1990களின் பிற்பகுதியில் இந்தப் பின்னலை ஆராய்ந்த சமூகவியலாளர் பால் ஹாட்கின்சன், இவர்களை ஒன்றாகக் கட்டிவைத்தது இத்தகைய சிறு ஊடகங்களும் சிறு வணிகமுமே என்று காட்டினார். இரண்டாம் தலைமுறையின் பங்களிப்பு பாடல்களில் குறைவு, அமைப்புகளில் அதிகம் என்பது என் கணிப்பு.

அந்த அமைப்புகளில் பெரியது விட்பி. 1994இல் ஜோ ஹாம்ப்‌ஷயர் என்ற பெண்மணி, தம்மோடு கடிதத் தொடர்பில் இருந்த சுமார் 40 பேனா நண்பர்களை அங்கே கூட்டினார்; எல்சினோர் என்ற மதுக்கடையில் நடந்த அந்தச் சந்திப்புதான் விட்பி கோத் வீக்கெண்ட் என்ற விழாவாக வளர்ந்து, சில ஆண்டுகளில் வசந்தத்தில் ஒன்று, அக்டோபரையொட்டி ஒன்று என ஆண்டுக்கு இருமுறை நடக்கலாயிற்று. ஊரைத் தேர்ந்ததற்குக் காரணம் தெரிந்ததே. பிராம் ஸ்டோக்கர் 1890 கோடையில் இங்கே தங்கியிருந்தார். 1897இல் வெளிவந்த அவருடைய நாவலில் டிராகுலா ஒரு பெரிய நாயின் வடிவில் கரையிறங்குவது இந்தத் துறைமுகத்தில்தான். இன்னொரு காரணம் பலர் கண்ணில் படாதது: விட்பியின் பாறைகளில் கிடைக்கும் ஜெட் என்ற கறுப்புக் கல். பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடலில் மூழ்கிய மரம் அழுந்திக் கல்லாக இறுகியது அது. எடை குறைவு, தேய்த்தால் கண்ணாடிபோல் மின்னும். 1861இல் கணவர் ஆல்பர்ட் இறந்த பிறகு விக்டோரியா அரசி துக்க அணிகலனாக அதை அணிந்ததால் நாடெங்கும் அதற்குக் கிராக்கி ஏறி, இந்த ஊரே ஜெட் பட்டறைகளால் பிழைத்தது. அந்தத் தொழில் படுத்து நூறாண்டு கழித்து, துக்கத்தை அலங்காரமாக உடுத்தும் ஒரு கூட்டம் அதே தெருக்களில் அதே கல்லைத் தேடி வந்தது ஊர்க் கடைக்காரர்களுக்கு நல்ல காலம்தான்.

இந்தத் தலைமுறையின் உடை முந்தையதிலிருந்து இரு திசைகளில் பிரிந்தது. ஒரு சாரார் வெல்வெட், இறுக்கிக் கட்டும் கார்செட், விக்டோரியக் காலத்து நீளக் கோட்டு என்று பின்னோக்கிப் போனார்கள். மற்றொரு சாரார் பளபளக்கும் பிவிசி பிளாஸ்டிக் உடை, ஒளிரும் பச்சையிலும் இளஞ்சிவப்பிலும் செயற்கைச் சடைகள், நெற்றியில் ஏற்றிவிட்ட தொழிற்சாலைக் கண்ணாடி என்று முன்னோக்கிப் போய் சைபர்கோத் எனப் பெயர் பெற்றார்கள். கிடார் பின்னுக்குப் போய்த் துள்ளும் மின்னணு இசை கிளப்புகளைப் பிடித்துக்கொண்டது. 1987 முதல் நடக்கும் லண்டன் ஸ்லைம்லைட் கிளப்பில் இரண்டுக்கும் தனித்தனித் தளங்கள். அந்நகரின் கேம்டன் சந்தையில் இவ்வளவையும் ஆயத்த ஆடையாகவே வாங்க முடிந்தது. கையால் செய்த வலைச் சட்டை அப்போதே பழங்கதையாகத் தொடங்கிவிட்டது; ஆகவே ஆயத்த உடைமேல் இன்றுள்ளவர்களைக் குறைசொல்லும் ஐம்பது வயதுக்காரர்கள் தங்கள் பீரோவையும் ஒருமுறை திறந்து பார்ப்பது நல்லது.

பேக்கப் பூங்கா

2000களின் நடுவில் வந்தவர்கள் இமோ என்று அழைக்கப்பட்டார்கள். கண்ணை மறைக்கும் முன்முடி, இறுகிய ஜீன்ஸ், பட்டையான இடுப்புவார். இசையோ அமெரிக்காவின் ஹார்ட்கோர் பங்க் வழி வந்தது. பரம்பரை வேறு என்பதால் பழைய கோத்கள் இவர்களை அருகே அண்டவிடவில்லை. தெருவில் போகிறவனுக்கு இந்த வம்சாவளி எதுவும் தெரியாது. அவனுக்கு எல்லாரும் ‘மோஷர்’தான், அதாவது கறுப்பு உடையோடும் நீள முடியோடும் அலைகிற கூட்டம்.

2007 ஆகஸ்ட் 11 அதிகாலையில் லங்காஷயரின் பேக்கப் என்ற சிற்றூரில், ஸ்டபிலீ பூங்கா வழியாக வீடு திரும்பிக்கொண்டிருந்த இருபது வயது சோஃபி லங்காஸ்டரையும் அவருடைய காதலரையும் பதின்வயதுப் பையன்கள் தாக்கினார்கள். அந்த இருவரின் உடையும் முடியும் ஊரில் தனித்துத் தெரிபவை. முதலில் காதலரை வீழ்த்தினார்கள். விழுந்தவரின் தலையை மடியில் ஏந்தி உதவிக்கு அழைத்த சோஃபியை அதன் பிறகு உதைத்து மிதித்தார்கள். ஆகஸ்ட் 24 அன்று சோஃபி இறந்தார். 2008இல் இருவருக்குக் கொலைக் குற்றத்துக்காக ஆயுள் தண்டனையும், மூவருக்குக் கடுங்காயம் விளைவித்ததற்காகச் சிறையும் விதிக்கப்பட்டன; இதை வெறுப்புக் குற்றமாகவே நீதிபதி குறிப்பிட்டார்.

தலைமுறைக் கோணத்தில் இந்த மரணம் ஒரு திருப்பம். கோத்தா, இமோவா, மெட்டல் இசைக்காரரா என்று உள்ளே போட்டுக்கொண்ட கோடுகள் வெளியே உதைக்கும் காலுக்குப் பொருட்டே இல்லை என்பது அப்பட்டமாகத் தெரிந்தபோது, இளையவர்களை எள்ளி வந்த மூத்தவர்கள்தாம் முதலில் திரண்டார்கள். விழாக்களில் நிதி சேர்ந்தது, விட்பியில் சோஃபியின் நினைவாக ஓர் இருக்கை அமைந்தது, அவருடைய தாய் சில்வியா லங்காஸ்டர் மகள் பெயரில் ஓர் அறக்கட்டளை தொடங்கிப் பள்ளி பள்ளியாகச் சென்று, 2022இல் தாம் இறக்கும் வரை அதை நடத்தினார். 2013 ஏப்ரலில் கிரேட்டர் மான்செஸ்டர் காவல்துறை, மாற்றுப் பண்பாட்டினர் மீதான தாக்குதல்களை வெறுப்புக் குற்றமாகவே பதிவு செய்யத் தொடங்கியது. பிரிட்டனில் இதைச் செய்த முதல் காவல்துறை அது, பின்னர் வேறு சில பகுதிகளும் பின்பற்றின. பதிவேட்டில் இடம் கிடைத்ததே தவிரச் சட்டத்தில் இடம் கிடைக்கவில்லை. இனம், மதம், பாலீர்ப்பு, உடற்குறை, திருநர் அடையாளம் என்ற ஐந்தையும் தாண்டி இதையும் சேர்க்கலாமா என்று ஆராய்ந்த இங்கிலாந்து, வேல்ஸ் சட்ட ஆணையம் 2021 டிசம்பரில் அவ்வாறு பரிந்துரைக்கவில்லை.

இங்கே ஒரு மாற்றுக் குரலையும் கணக்கில் எடுக்க வேண்டும். உயிர் பிழைத்த காதலரே பத்தாண்டு கழித்துப் பேசியபோது, எல்லாவற்றையும் உடையின் மேல் ஏற்றிப் பேசுவது விஷயத்தை மிக எளிமையாக்கிவிடுகிறது, ஏன் அடிபட்டார்கள் என்று கேட்கிறோமே ஒழிய அடித்தவர்கள் ஏன் அப்படி ஆனார்கள் என்று கேட்பதில்லை என்ற பொருளில் சொன்னார். நியாயமான பேச்சு. ஆனாலும் அந்த மரணத்துக்குப் பிறகு இந்தக் குழுவினர் தங்களை ரசிகர் கூட்டமாக மட்டும் பார்க்காமல், பாதுகாப்புக்கு உரிய ஒரு சமூகமாகப் பார்க்கத் தொடங்கினார்கள் என்பதை மறுக்க முடியாது. வயதான பிறகும் விலகாமல் இருப்பதற்கு அதுவும் ஒரு பிடிப்பைக் கொடுத்தது.

விலகாமைக்கு இன்னொரு காரணம் சற்று சாதாரணமானது. தாம் முன்பு ஆராய்ந்தவர்களின் வயதேற்றத்தைப் பின்னாளில் மறுபடி ஆராய்ந்த ஹாட்கின்சன் கண்டது, கூட்டமாக மூப்படைவது தனியாக மூப்படைவதைவிடச் சுலபம் என்பது. நண்பர்கள் எல்லாருக்கும் ஒரே காலத்தில் குழந்தை பிறந்தால், விழா குழந்தைக்கு ஏற்றபடி மாறிவிடும். எல்லாருக்கும் முதுகு வலித்தால், தரையில் படுத்த காலம் போய் விடுதி அறை வந்துவிடும். அலுவலகத்துக்கு ஏற்ப முடியின் உயரம் குறையும், கண்மை மெல்லியதாகும், கறுப்பு மட்டும் மாறாது.

பதினைந்து வினாடி வாசல்

2020 வாக்கில் நிலைமை தலைகீழானது. பெலாரஸ் நாட்டின் மின்ஸ்க் நகரைச் சேர்ந்த மோல்சாட் டோமா என்ற குழு 2018இல் வெளியிட்ட ரஷ்ய மொழிப் பாட்டு ஒன்று, டிக்டாக்கில் இலட்சக்கணக்கான சிறு காணொளிகளுக்குப் பின்னணியாக ஓடியது; அதைப் பயன்படுத்தியவர்களில் பெரும்பாலோருக்கு அதன் சொற்களோ, அது 1980களின் பிரிட்டிஷ் ஒலிக்கு எழுதிய காதல் கடிதம் என்பதோ தெரியாது. உடையை வைத்துத்தான் காணொளி. பாட்டு உடைக்குத் துணை. பொதுமுடக்கக் காலத்தில் வீட்டு அறைக்குள் அடைபட்டிருந்த பதினான்கு வயதுப் பெண்ணுக்குக் கிளப் வாசலில் வயதுச் சான்று காட்ட வேண்டிய தொல்லை இல்லை. கண்ணாடி முன் உட்கார்ந்து, காணொளியைப் பார்த்துப் பார்த்துக் கண்மையைத் தீட்டிக் கற்றுக்கொண்டாள். இசை பிறகு வந்தது, சிலருக்கு வரவே இல்லை.

‘ஐந்து குழுக்களின் பெயரைச் சொல் பார்க்கலாம்’ என்ற கேள்வி இப்படித்தான் சண்டையின் மையம் ஆயிற்று. கோத் என்பது இசையை அடிப்படையாகக் கொண்டது, உடை மட்டும் போட்டால் கோத் ஆகிவிட முடியாது என்று கறாராகச் சொல்கிறவர்கள் முதியவர்கள் என்றுதான் நாம் எதிர்பார்ப்போம். டிக்டாக்கில் இந்தச் சட்டத்தை உரத்த குரலில் அறிவிப்பவர்களில் பலர் இருபது வயதைத் தாண்டாதவர்கள். முதல் தலைமுறைக்கு இசை இயல்பான வாசலாக இருந்ததால் அதை விதியாக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. வாசல் இடம் மாறிய பிறகு வந்தவர்களுக்கோ, யார் உள்ளே, யார் வெளியே என்று பிரிக்க வேறு வழியில்லை. வலைச் சட்டையை எவரும் இணையத்தில் சில நூறு ரூபாய்க்கு இணையான விலையில் வாங்கிவிடலாம் என்னும்போது, பாடலறிவு ஒன்றே விலைக்குக் கிடைக்காத சரக்காக நிற்கிறது.

இன்னொரு வேடிக்கையும் நடந்திருக்கிறது. இளையவர்களில் தீவிரமானவர்கள் ‘டிராட் கோத்’, அதாவது மரபுக் கோத், என்று சொல்லிக்கொண்டு 1983ஆம் ஆண்டு உருவத்தை அச்சு அசலாக மீட்டெடுக்கிறார்கள்: பக்கங்களை மழித்து நடுவில் உயர்த்திய சிக்குமுடி, கூர்முனைப் பூட்ஸ், காலுறையை வெட்டித் தைத்த வலைச் சட்டை. நியான் சடை போட்ட தாய் தந்தையரின் காலத்தைத் தாண்டி, நேரே பாட்டன் பாட்டியின் காலத்துக்குப் போய்விட்டார்கள். பாட்டனின் பெயரைத் தாங்குபவன் என்பதால்தான் பெயரன், பேரன் என்று நாம் சொல்கிறோம்; அந்தச் சொல்லின் பொருள் இங்கே உடையில் நிறைவேறுகிறது.

இவர்கள் கொண்டுவந்த மாற்றங்களில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது முகப்பூச்சைப் பற்றியது. தோலை வெளுப்பாக்குவதே கோத் அழகு என்று மூன்று தலைமுறைகளாக யாரும் கேள்வி கேட்காமல் இருந்ததில், கறுப்பினத்தவருக்கும் ஆசியருக்கும் அங்கே எவ்வளவு இடம் இருந்தது என்பதை ஊகிக்கலாம். இப்போது கரிய தோலுடைய இளம் பெண்கள் வெள்ளை பூசாமல், தங்கள் நிறத்தின் மேலேயே வெள்ளியும் ஊதாவும் கொண்டு கண்ணை வரைந்து காட்டும் காணொளிகளுக்குப் பெரிய வரவேற்பு இருக்கிறது. வெளுப்பு கோத்துக்கு அடிப்படைத் தேவை என்று சாதிக்கிறவர்கள் இன்னும் உண்டு. அவர்களுடைய வாதம் வரலாற்றுப்படி சரியாக இருக்கலாம், அதற்காக அதைக் காக்க வேண்டியதில்லை.

படிகளின் கீழே

விட்பியில் இந்தப் பூசல் வேறு உருவில் இருக்கிறது. விழா நாட்களில் ஊரை நிறைப்பவர்களில் பெரும்பகுதியினர் பெவிலியன் அரங்கில் நடக்கும் கச்சேரிக்குச் சீட்டு வாங்காதவர்கள். விக்டோரியக் கனவான், நீராவி இயந்திரக் காலக் கற்பனையான ஸ்டீம்பங்க் விஞ்ஞானி, ரத்தம் ஒழுகும் ஜோம்பி என்று வேடமிட்டு வருகிறவர்களும், அவர்களைப் படமெடுக்கப் பெரிய லென்சோடு வருகிறவர்களும் பகலெல்லாம் தெருவை அடைத்துக்கொள்கிறார்கள். செயின்ட் மேரி மயானத்தில், யாருடைய பாட்டனோ படுத்திருக்கும் கல்லறை மேல் சாய்ந்து படத்துக்கு நிற்பது உள்ளூர்க் குடும்பங்களைப் புண்படுத்தியதும் உண்டு. மாலையானதும் அந்தக் கூட்டம் கலைந்து, சீட்டு வாங்கிய பழையவர்கள் அரங்குக்குள் போகிறார்கள். விழாவை வாழவைப்பது எந்தக் கூட்டம் என்பதில் ஊராருக்கும் கோத்களுக்கும் கருத்து ஒத்துப்போகவில்லை. விடுதிக்காரருக்கு இரண்டு கூட்டமும் ஒன்றுதான்.

உடை வழியாக வந்தவர்கள் உள்ளே போவதே இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. 2022 நவம்பரில் நெட்ஃபிளிக்ஸில் வந்த வெட்னஸ்டே தொடரில் நடிகை ஜென்னா ஒர்டேகா ஆடிய ஒரு நடனம் உலகமெங்கும் பரவியது. தொடரில் அதற்குப் பின்னணி த கிராம்ப்ஸ் குழுவின் 1981ஆம் ஆண்டுப் பாட்டு. டிக்டாக்கோ அதைக் கழற்றிவிட்டு லேடி காகாவின் பாட்டொன்றை மாட்டிவிட்டது. ஒர்டேகா தம் நடனத்துக்கு மூலம் எவை என்று சொன்னபோது பேன்ஷீஸ் குழுவின் பாடகி சூசி சூவையும், 1980களில் கிளப்புகளில் கோத்கள் ஆடிய பழைய படச்சுருள்களையும் குறிப்பிட்டார். லீட்ஸின் லெ ஃபோனோகிராஃபிக் என்ற நிலவறைக் கிளப்பில், ஆடுதளத்து நடுவே நின்ற தூணில் இடித்துக்கொள்ளாமல் இரண்டடி முன்னே, இரண்டடி பின்னே என்று நகர்ந்ததில்தான் கோத் நடனம் பிறந்தது என்று அந்நகரத்தார் பெருமையாகச் சொல்லுவார்கள். அப்படி ஆடியவர்களின் கைவீச்சு, நாற்பது ஆண்டு கழித்து, அவர்கள் பெயர்கூடத் தெரியாத பிள்ளைகளின் படுக்கையறைகளுக்கு வந்து சேர்ந்தது. அவர்களில் ஒரு பகுதியினர் த கிராம்ப்ஸ் யார் என்று தேடப் போனார்கள்.

2024 நவம்பர் 1 அன்று த க்யூர் பதினாறு ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு புதிய ஆல்பத்தை வெளியிட்டது. 1992க்குப் பிறகு முதன்முறையாகப் பிரிட்டனின் பட்டியலில் அது முதலிடம் பிடித்தது. அன்றிரவு கிழக்கு லண்டனின் ட்ராக்ஸி அரங்கில் அவர்கள் 31 பாடல்கள் பாடியதை யூடியூபிலும் நேரலையாகக் காட்டினார்கள். குழுவின் பாடகர் ராபர்ட் ஸ்மித்துக்கு அப்போது வயது 65; கலைந்த முடியும் அப்பிய உதட்டுச்சாயமும் அப்படியே இருந்தன, முடி மட்டும் நரைத்திருந்தது. ஆல்பத்தின் முதல் பாட்டு ஏழு நிமிடத்துக்குச் சற்றே குறைவு. அதில் அவர் வாய் திறப்பதற்கு மூன்று நிமிடத்துக்கு மேல் ஆகிறது.